வாசகர் கேள்வி – பதில்: காற்றில் மிதக்கும் மண்ணைக் கணினி எப்படிக் கணக்கிடுகிறது?

பாலைவனங்களில் எழும் கனிமத் தூசி கடல்களையும் கண்டங்களையும் கடந்து செல்வதையும், அதன் போக்கைக் கணினி மாதிரிகள் முன்கூட்டியே சொல்ல முயல்வதையும் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைத் தொட்டன. அவற்றை ஒன்றாகச் சேர்த்தும், நீண்டவற்றைச் சுருக்கியும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஒரு தூசிப் புயலில் எண்ணில் அடங்காத துகள்கள் இருக்கும். கணினி அவற்றை ஒவ்வொன்றாகப் பின்தொடர்கிறதா?

இல்லை. அப்படிப் பின்தொடர எந்தக் கணினியாலும் முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. வானிலையைக் கணிக்கும் மாதிரி வளிமண்டலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பம், ஈரம், காற்றின் வேகம் ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கணக்கிடுகிறது. தூசி மாதிரி அதே பெட்டிகளில் இன்னொரு கணக்கையும் சேர்த்து எழுதுகிறது: தரையிலிருந்து எவ்வளவு மண் உள்ளே வந்தது, பக்கத்துப் பெட்டிகளிலிருந்து காற்று எவ்வளவு கொண்டுவந்தது, எவ்வளவு கொண்டுபோனது, சொந்த எடையால் எவ்வளவு கீழே இறங்கியது, மழை எவ்வளவு கழுவியது என்பதே அந்தக் கணக்கு. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை நடத்தும் உலகளாவிய முன்னறிவிப்பில் இத்தகைய ஒரு பெட்டியின் பக்க நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

துகளின் பருமனைப் பொறுத்து அதன் நடத்தை அடியோடு மாறுவதால், எல்லாத் தூசியையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே பருமன்வாரியாகப் பிரிவுகள் வைத்து, ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே நகர்த்துகிறார்கள். கோப்பர்நிக்கஸ் சேவை மூன்றே பிரிவுகளோடு நிறுத்திக்கொள்கிறது. பார்சிலோனா மீக்கணினி மையத்தின் ‘மோனார்க்’ மாதிரி 20 மைக்ரான் விட்டம் வரை எட்டுப் பிரிவுகள் வைத்திருக்கிறது. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பிரிவுகள் கூடக்கூடக் கணினி நேரமும் கூடுகிறது; அன்றாடம் முன்னறிவிப்பு வெளியிட வேண்டியவர்கள் சிக்கனம் பார்ப்பதைக் குறைசொல்ல முடியாது.

கேள்வி: எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு தூசி எழும் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? காற்று பலமாக வீசினால் எழும் என்று சொன்னால் போதுமா?

போதாது. தூசி மாதிரிகள் மிகவும் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்ணில் எவ்வளவு நுண்ணிய துகளோ அவ்வளவு எளிதாகக் காற்றில் பறக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், சில மைக்ரான் பருமனுள்ள துகள்கள் ஒன்றோடொன்றும் பெரிய மணலோடும் இறுக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எடையோடு ஒப்பிட்டால் அந்த ஒட்டுவிசை பன்மடங்கு பெரிது. மறுபுறம், அரை மில்லிமீட்டர் மணலை அதன் எடையே தரையில் பிடித்துவைக்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 75 முதல் 100 மைக்ரான் வரையிலான மணல்தான் காற்றுக்கு முதலில் இணங்குகிறது. அது தரையிலிருந்து எழும்பி, காற்றிடமிருந்து வேகம் பெற்று, சாய்ந்த கோணத்தில் மீண்டும் தரையில் வந்து மோதுகிறது. அந்த மோதலில்தான் ஒட்டியிருந்த நுண்துகள்கள் பிய்ந்து மேலே கிளம்புகின்றன. ஆக, நெடுந்தொலைவு செல்லப்போகும் தூசியைத் தரையிலிருந்து விடுவிப்பது, தானே சில அடிகளுக்கு மேல் துள்ளாத மணல்.

இந்தத் துள்ளலை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட். லிபியப் பாலைவனத்தில் மோட்டார் வண்டிகளில் நெடும் பயணங்கள் செய்த அவர், 1930களில் காற்றுச் சுரங்கம் அமைத்து மணலை ஓடவிட்டுப் பார்த்தார். முடிவுகளை 1941இல் நூலாக வெளியிட்டார். தரையை ஒட்டிய காற்றின் இழுப்பைக் குறிக்கும் உராய்வுத் திசைவேகத்தின் மும்மடிக்கு (அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கி வருவதற்கு) ஏற்ப மணலோட்டம் கூடுகிறது என்பது அவர் கண்ட உறவு. பின்னால் வந்தவர்கள் அதில் ஒரு தொடக்க வேகத்தைச் சேர்த்தார்கள். காற்று அந்த அளவைத் தாண்டும்வரை ஒன்றும் அசையாது. மண்ணில் ஈரம் இருந்தால் அந்தத் தொடக்க வேகம் உயரும். கற்களும் புதர்களும் காற்றின் இழுப்பில் ஒரு பகுதியைத் தாங்களே வாங்கிக்கொண்டு மணலைக் காப்பாற்றும். இன்றைய மாதிரிகள் இவை அனைத்தையும் ஏதோ ஒரு வடிவில் சேர்த்துக்கொள்கின்றன.

மும்மடி என்பது கணிப்பவருக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். காற்றின் வேகத்தை 10 சதவீதம் கூடுதலாகக் கணித்துவிட்டால், 1.1 மும்மடி 1.33 என்பதால், தூசியின் அளவு 33 சதவீதம் கூடிவிடும். பெட்டியின் பரப்பு இதைவிடப் பெரிய தொல்லை. ஒரு பெட்டியின் பாதிப் பரப்பில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்திலும் மறுபாதியில் 12 மீட்டர் வேகத்திலும் காற்று வீசுவதாகக் கொள்வோம். மாதிரிக்குத் தெரிவது சராசரியான 8 மட்டுமே. அதன் மும்மடி 512. உண்மையில் நடப்பதோ 64, 1728 ஆகிய இரண்டின் சராசரியான 896. தொடக்க வேகம் 9 என்று இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: பாதிப் பரப்பில் புழுதி பறந்துகொண்டிருக்கும்போது, மாதிரி அந்தப் பெட்டியில் துளித் தூசியும் எழவில்லை என்று சொல்லும். இதைச் சரிக்கட்டுவதற்காக, பெட்டிக்குள் காற்றின் வேகம் எப்படிப் பரவியிருக்கக்கூடும் என்று ஒரு நிகழ்தகவுப் பரவலை ஊகித்துப் பயன்படுத்துகிறார்கள். ஊகம் ஊகம்தான், ஆனாலும் சராசரியை அப்படியே நம்புவதைவிட அது மேல்.

அடுத்தது மண். எல்லாப் பாலைநிலமும் தூசி தருவதில்லை. பழைய ஏரிப் படுகைகளிலும், வெள்ளம் எப்போதோ கொண்டுவந்து சேர்த்த நுண்வண்டல் கிடக்கும் தாழ்வான இடங்களிலும்தான் மிகுதியாக எழுகிறது. 2001இல் ஜினூவும் சக ஆய்வாளர்களும் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்த இடங்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, தூசி எழும் மூல இடங்களைக் காட்டும் ஒரு படத்தை உருவாக்கினார்கள். அது இன்றுவரை பல மாதிரிகளில் புழங்குகிறது. நிலத்தின் மேடுபள்ளத்தை மட்டும் பார்த்து இவ்வளவு சொல்ல முடிந்தது வியப்புதான்.

சாட் நாட்டின் பொடெலே தாழ்நிலம் இதற்கெல்லாம் தக்க சான்று. ஒருகாலத்தில் பரந்து கிடந்த மாபெரும் சாட் ஏரியின் வறண்ட அடித்தளம் அது. டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான வெண்மண் அங்கே நிறைந்திருக்கிறது. திபெஸ்தி, என்னெடி மலைகளுக்கு நடுவே காற்று நெருக்கி ஓடுகிறது. இரவில் தரை குளிர்வதால், தரையை ஒட்டிய காற்றுக்கும் மேலே ஓடும் காற்றுக்கும் தொடர்பு அறுகிறது. சில நூறு மீட்டர் உயரத்தில் காற்று தடையின்றி வேகம் கூடுகிறது. காலையில் வெயில் ஏறித் தரை சூடானதும் அந்த வேகம் கீழே இறங்க, முற்பகலில் புழுதி உச்சத்தை அடைகிறது. பல மாதிரிகள் இரவுக் காற்றைத் தேவைக்கு மேல் கலக்கிவிடுவதால், அந்த மேல்காற்று வலுப்பெறுவதே இல்லை. உலகின் மிகத் தீவிரமான தூசி மூலத்தில் காற்றைக் குறைத்துக் கணித்தால் மும்மடி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: முன்னறிவிப்பில் எதுவும் இல்லாத நாளிலும் திடீரென்று சுவர்போல் புழுதிப் புயல் வருவது ஏன்?

அவை பெரும்பாலும் இடிமழை மேகங்களின் விளைவு. மேகத்திலிருந்து விழும் மழை வறண்ட காற்றில் ஆவியாகும்போது அந்தக் காற்று குளிர்ந்து கனத்து, தரையில் மோதி நாற்புறமும் விரிகிறது. அதன் முகப்பில் எழும் புழுதிச் சுவருக்கு ‘ஹபூப்’ என்று பெயர். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரை 2011 ஜூலை 5 அன்று மூடியது இத்தகைய ஒன்று. 40 கிலோமீட்டர் பெட்டிக்குள் தனியொரு இடிமேகம் அடங்கிவிடும். மாதிரி அதை நேராகக் கணக்கிடாமல் பொதுச் சூத்திரத்தால் தோராயமாகக் கையாள்கிறது. அந்தச் சூத்திரம் மழையைத் தரும். விரியும் குளிர்காற்றைப் பெரும்பாலும் தராது. பெட்டியைச் சில கிலோமீட்டராகச் சுருக்கினால் ஹபூப் கணினியிலும் தோன்றிவிடுகிறது. அப்போதும் மேகம் எந்த இடத்தில், எந்த மணியில் வெடிக்கும் என்பதில் பிழை இருந்துகொண்டேதான் இருக்கும். ஓர் ஊருக்கு இன்று மாலை ஹபூப் வருமா என்று கேட்டால், ஐந்து நாள் முன்னறிவிப்பைவிடக் கடைசி ஒரு மணி நேர ரேடார் படத்தையே நம்புவேன்.

கேள்வி: பெரிய துகள்கள் சீக்கிரம் விழுந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பிறகு சஹாராவின் மணல் அட்லாண்டிக்கைக் கடந்ததாகச் சொல்வது எப்படி?

இது இன்னும் முழுமையாகத் தீராத சிக்கல். முதலில் கணக்கைப் பார்ப்போம். அமைதியான காற்றில் நுண்துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. குவார்ட்ஸ் போன்ற கனிமத்தாலான 1 மைக்ரான் துகள் நாளொன்றுக்கு ஏழு மீட்டர் அளவே இறங்கும். அதை வளிமண்டலத்திலிருந்து நீக்குவது பெரும்பாலும் மழை. 10 மைக்ரான் துகள் நாளொன்றுக்கு 700 மீட்டர் அளவில் இறங்கும். 20 மைக்ரான் துகள் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் இறங்கும். சஹாராவிலிருந்து கரீபியக் கடலை அடையத் தூசிக்கு ஒரு வாரத்தை ஒட்டிய காலம் ஆகிறது. ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் புறப்பட்ட 20 மைக்ரான் துகள், இந்தக் கணக்குப்படி, இரண்டாம் நாளே கடலில் விழுந்திருக்க வேண்டும்.

ஆனால் கிடைத்த அளவீடுகள் வேறு கதை சொல்கின்றன. அட்லாண்டிக்கில் மிதவைகளில் பொருத்திய சேகரிப்பான்களில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 2,400, 3,500 கிலோமீட்டர் தொலைவுகளில் 450 மைக்ரான் வரை பருமனுள்ள துகள்கள் சிக்கியதாக 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் பருமனில் கனிமத் துகள் நொடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் இறங்கும்; ஐந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் தரைக்கு வந்துவிட வேண்டும். ஆடெபியி, காக் ஆகிய ஆய்வாளர்கள் 2020இல் விமான அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 5 மைக்ரானுக்கு மேற்பட்ட பருந்தூசி வளிமண்டலத்தில் சுமார் 1.7 கோடி டன் இருப்பதாகவும், அது மாதிரிகள் காட்டுவதைப்போல் நான்கு மடங்கு என்றும் கண்டார்கள்.

விளக்கங்கள் பல முன்வைக்கப்படுகின்றன. துகள்கள் உருண்டையாக இல்லாததால் சுமார் 20 சதவீதம் மெதுவாக விழுகின்றன என்பதில் பெரிய ஐயமில்லை. பகல் வெப்பத்தால் பாலைவனக் காற்று ஐந்தாறு கிலோமீட்டர் வரை கொந்தளித்து, விழும் துகளை மறுபடி மேலே தூக்கக்கூடும். மோதல்களில் பெற்ற மின்னேற்றம் சிலவற்றைத் தாங்குகிறது என்பது மூன்றாவது கருத்து. இவற்றோடு, எழும்போதே பெரிய துகள்களின் பங்கை மாதிரிகள் குறைத்து எழுதிவிட்டன என்பதையும் சேர்க்க வேண்டும். வறண்ட மண்கட்டி உடையும் விதத்தைக் கண்ணாடி போன்ற நொறுங்கும் பொருள்கள் உடையும் விதத்தோடு ஒப்பிட்டு 2011இல் காக் தந்த கொள்கை, மாதிரிகள் மிக நுண்ணிய தூசியை அளவுக்கு மேல் எழுப்புகின்றன என்று காட்டிவிட்டது. என் கணிப்பில், தொடக்கப் பங்கைத் திருத்துவதும் துகளின் வடிவத்தைச் சேர்ப்பதும் சிக்கலின் ஒரு பகுதியைத்தான் தீர்க்கும். 450 மைக்ரான் துகளை அவற்றால் விளக்கவே முடியாது.

கேள்வி: செவ்வாய்க் கோளின் தூசிப் புயலுக்கும் இதே மாதிரிகள்தானா?

சமன்பாடுகளின் அமைப்பு அதேதான், எண்கள் வேறு. அங்கே தரைமட்டக் காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்பதால், மணலை அசைக்க மிகக் கூடுதலான வேகம் தேவை. கழுவ மழை இல்லை. கோள் முழுவதையும் மூடும் புயல்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுகின்றன. அவை எந்த ஆண்டில் எழும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இன்றைய மாதிரிகளால் இயலவில்லை.

கேள்வி: மாதிரி தரும் படமும் செயற்கைக்கோள் படமும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் மாதிரி சரி என்றுதானே பொருள்?

அவ்வளவு எளிதாக நம்பிவிட வேண்டாம். செயற்கைக்கோள் நேரடியாகத் தூசியின் எடையை அளப்பதில்லை. காற்றுப்பத்தி முழுவதும் சேர்ந்து ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதையே அளக்கிறது. இதற்கு ஒளியியல் தடிமன் என்று பெயர். ஏறத்தாழ எல்லா மாதிரிகளிலும் தூசி எழும் சமன்பாட்டின் முன்னால் ஒரு பெருக்கெண் இருக்கிறது. கணித்த ஒளியியல் தடிமன் அளவீட்டோடு பொருந்தும்வரை அதைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பொருந்தும்படி திருகிய பிறகு பொருந்துவதைச் சான்றாகக் காட்டுவது நியாயமாகாது. மேலும், தொட்டியில் நீர்மட்டம் சரியாக இருக்கிறது என்பதிலிருந்து, குழாயில் எவ்வளவு வருகிறது, அடியில் எவ்வளவு வடிகிறது என்பதை அறிய முடியாது; இரண்டும் கூடுதலாக இருந்தாலும், இரண்டும் குறைவாக இருந்தாலும் மட்டம் அதேதான்.

2011இல் 15 உலகளாவிய மாதிரிகளை ஒப்பிட்ட ஏரோகாம் ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. ஒளியியல் தடிமனை அவை இரண்டு மடங்குப் பிழைக்குள் தந்தன. தரைமட்டச் செறிவிலும் கீழே படியும் அளவிலும் பிழை பத்து மடங்கு வரை விரிந்தது. ஆண்டுதோறும் உலகில் எழும் தூசியின் மொத்தம் 50 கோடி டன் என்று ஒரு மாதிரியும், ஏறத்தாழ 400 கோடி டன் என்று இன்னொன்றும் சொல்லின.

ஒருவகையில் செயற்கைக்கோளை வைத்தே மாதிரியைத் திருத்துவதும் உண்டு. முன்னறிவிப்பு மையங்கள் அன்றன்றைய ஒளியியல் தடிமன் அளவீடுகளைக் கணக்கில் உள்ளிட்டுத் தொடக்க நிலையைச் சரிசெய்துகொள்கின்றன. ஏற்கெனவே காற்றில் ஏறிவிட்ட தூசிக்கு இது நன்றாக உதவுகிறது. 2020 ஜூனில் சஹாராவிலிருந்து புறப்பட்ட மாபெரும் தூசிப் படலம் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியத்தை அடைவது முன்கூட்டியே தெரிந்திருந்ததற்கு, தூசி எழுந்த பின் அதைச் சுமந்து செல்லும் காற்றை வானிலை மாதிரிகள் நன்கு கணிப்பதே காரணம். மேகத்துக்கு அடியில் உள்ள தூசியைச் செயற்கைக்கோள் காணாது என்பதால், ஹபூப் போன்றவை இந்தத் திருத்தத்திலும் தப்பிவிடுகின்றன. சரியாகச் சோதிக்க வேண்டுமானால், திருகப் பயன்படாத அளவீடுகளோடு ஒப்பிட வேண்டும். பார்படோஸ் தீவில் ஜோசஃப் பிராஸ்பெரோ 1965இல் தொடங்கிய தரைமட்டப் பதிவுகள் அவ்வகையில் விலைமதிப்பற்றவை.

கேள்வி: தூசி பூமியைக் குளிர்விக்கிறதா, சூடாக்குகிறதா?

இரண்டையும் செய்கிறது. நுண்தூசி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கிறது. பருந்தூசி ஒளியை உறிஞ்சியும், தரையிலிருந்து மேலெழும் வெப்பக் கதிர்களைப் பிடித்தும் சூடாக்குகிறது. பருந்தூசியைக் குறைத்துக் கணித்தால் குளிர்விப்பு மிகையாகத் தெரியும். சஹாரா மணல் பற்றிய கேள்வியில் சொன்ன பெரிய துகள் சிக்கல் இங்கே வந்து நிற்கிறது. 2017இல் வெளியான மதிப்பீடு, கதிர்வீச்சு மீது தூசியின் நேரடி விளைவைச் சதுர மீட்டருக்குக் கழித்தல் 0.48 வாட்டிலிருந்து கூட்டல் 0.20 வாட் வரை என்று தந்தது. அதாவது குளிர்விப்பே மிகுதி என்று தோன்றினாலும், குறி எதிர்ப்பக்கமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

கனிமங்களும் முக்கியம். ஹெமடைட், கோயத்தைட் ஆகிய இரும்பு ஆக்சைடுகள் சிறிதளவு இருந்தாலே தூசி செந்நிறம் பெற்று ஒளியை உறிஞ்சத் தொடங்குகிறது. எந்தப் பாலைவன மண்ணில் எந்தக் கனிமம் எவ்வளவு என்பதற்கு நெடுங்காலம் சில ஆயிரம் இடங்களில் எடுத்த மண்ணை வைத்தே உலகம் முழுவதற்கும் ஊகித்துவந்தார்கள். 2022 ஜூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு நாசா அனுப்பிய ‘எமிட்’ கருவி, வறண்ட நிலங்களின் கனிமங்களை மேலிருந்தே நிறமாலை மூலம் படமெடுத்துவருவதால், இந்த இடைவெளி விரைவாக நிரம்பிவருகிறது. மேகத்தில் பனிப்படிகம் உருவாகத் தூசி வித்தாவதும் உண்டு. அதில் பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தின் பங்கு பெரிது என்று 2013இல் கண்டறிந்தார்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் தூசி முன்னறிவிப்புப் படத்தில் எங்கள் பகுதிக்கு 1 என்று காட்டுகிறது. வெளியே வானம் தெளிவாகவே இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். அந்த 1 பெரும்பாலும் ஒளியியல் தடிமனாக இருக்கும். தலைக்கு நேர் மேலே சூரியன் இருக்கும்போது, தடிமன் 0.1 என்றால் நேர் ஒளியில் 90 சதவீதம் தரையை அடையும். 1 என்றால் 37 சதவீதம். 2 என்றால் 14 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 1 என்பது நிச்சயம் அடர்ந்த தூசிதான். ஆனால் அது காற்றுப்பத்தி முழுவதற்குமான மொத்தம். நெடுந்தொலைவிலிருந்து வந்த தூசி மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் அடுக்காக மிதந்துகொண்டிருந்தால், தரைமட்டக் காற்று சுத்தமாகவே இருக்கும். தொலைவில் உள்ளவையும் தெளிவாகத் தெரியும். அப்போது தலைக்கு மேலே வானத்தின் நீலம் வெளுத்துப் பால்நிறம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மாதிரி பொய் சொல்லவில்லை. ஆழ்ந்த நீலமாகவே இருந்தால், அந்த இடத்தில், அந்த நேரத்தில் மாதிரி தவறிவிட்டது.

மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் பார்க்க வேண்டியது இந்த எண்ணை அல்ல. கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று தரப்படும் தரைமட்டச் செறிவை. பல மையங்கள் இரண்டையும் தனித்தனிப் படங்களாக வெளியிடுகின்றன. உலக வானிலை அமைப்பின் மணல், தூசிப் புயல் எச்சரிக்கைத் திட்டத்தின் கீழ் இயங்கும் பார்சிலோனா மையம், பல மாதிரிகளின் முடிவுகளை அருகருகே வைத்து, அவற்றின் இடைநிலை மதிப்பையும் சேர்த்துத் தருகிறது. மாதிரிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும் அங்கே காணலாம். விலகல் பெரிதாக இருக்கும் நாளில் எந்த ஒரு படத்தையும் தனியாக வைத்து முடிவெடுக்காமல், அருகிலுள்ள காற்றுத் தர அளவீட்டு நிலையத்தின் அன்றைய பதிவைப் பார்த்துக்கொள்வது நல்லது.